ஆறாம் மாடிக்கு ஒரு பத்திரிகை

“…அந்தோணி பேரை மட்டும் எழுதினா அவன் வரமாட்டான். செங் அண்ணன் பேரையும் சேத்து எழுதினா சம்பந்தி வீட்டுல ஆளாளுக்குக் கேள்வி கேப்பாங்க. நீங்களே சொல்லுங்கண்ணே, இந்தக் கவர்ல என்னன்னுதான் எழுதறது?”

போன சனிக்கிழமை காலை, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இப்படிக் கேட்டது பிலோமினா. பாகான் டாலாமிலிருந்து ஃபெர்ரி ஏறி வந்திருந்தாள். மேசை மேல் மகள் ரெபேக்காவின் கல்யாணப் பத்திரிகைகள், ஒரு பெட்டி நிறைய. என் கையில் பேனா. மூடி திறந்து, மை காய்ந்துகொண்டிருந்தது.

பழைய வாசகர்களுக்குத் தெரியும். இந்த ஜோர்ஜ் டவுனில் எனக்கு இரண்டு வேலை. ஒன்று, வாரா வாரம் உங்களோடு இப்படி உட்கார்ந்து பேசுவது. இன்னொன்று, கல்யாணக் கவர்களில் பெயர் எழுதிக் கொடுப்பது. நான் படித்தது படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு வரைதான். மிச்சப் படிப்பு அச்சகத்தில் எழுத்துக் கோத்தபோது விரல் வழியாக ஏறியது. அதனால் கையெழுத்து மட்டும் கொஞ்சம் லட்சணமாக இருக்கும்.

கவர் எழுதுகிறவனுக்குத் தெரியாத குடும்ப ரகசியம் ஊரில் கிடையாது. யாருக்குத் ‘திரு, திருமதி’ போடலாம், யாருக்குத் ‘திரு’வோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், யாருக்குக் ‘குடும்பத்தினர்’ என்று எழுதிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்… எல்லாம் அத்துப்படி. எவ்வளவு சிக்கலான வீடாக இருந்தாலும் அரை நிமிடத்தில் எழுதித் தள்ளிவிடுவேன்.

அன்றைக்கு எழுத முடியவில்லை.

அந்தோணி, பிலோமினாவின் ஒரே அண்ணன். எங்கள் அடுக்குமாடியில் நான் நாலாவது மாடி, அவர் ஆறாவது. ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாதா கோயில் பாடகர் குழுவில் அவர் குரல் தனியாகக் கேட்கும். செங், சீனர். பக்கத்துச் சாலையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். இப்போது நான் போட்டிருக்கும் கண்ணாடியும் அவர் செய்து கொடுத்ததுதான். இரண்டு பேரும் அந்த ஆறாம் மாடி வீட்டில் சேர்ந்து இருக்கிறார்கள்.

இருபத்தாறு வருடமாக.

புரிகிறதா? புரிந்திருக்கும். எங்களுக்கும் புரிந்துதான் இருந்தது. ஆனால் கட்டடத்தில் ஒருவரும் அதை ஒரு பேச்சாக எடுத்ததில்லை. தீபாவளிக்கு ஆறாம் மாடிக்கு முறுக்கு இரண்டு டப்பாவாகப் போகாது. ஒரே டப்பாதான் போகும். அவ்வளவுதான் எங்கள் அறிவிப்பு.

இதையெல்லாம் எழுதலாமா என்று இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். இந்த நாட்டில் இதை மைக் வைத்துப் பேச முடியாது என்பது எனக்கும் தெரியும். செங் சிரித்துக்கொண்டு அந்தோணியைக் கைகாட்டிவிட்டார். அந்தோணி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “பேரை மாத்திடு. மாடியை மாத்திடு. ஓபராவை மட்டும் மாத்தாதே. அதைப் போய் ஏதோ பாட்டுக் கச்சேரின்னு எழுதி என் மானத்தை வாங்கிடாதேய்யா!”

மாற்றியிருக்கிறேன். ஓபராவை மட்டும் தொடவில்லை.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். பிலோமினா வந்ததும் முதலில் எடுத்தது எங்கள் வீட்டுக்கான பத்திரிகையை. நான் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரம்மா அடுப்படியில் பருப்பு வடை போட்டுக்கொண்டிருந்தாள்.

“அண்ணி வரட்டும்.”

“அவ எண்ணெயில இருக்காம்மா. எங்கிட்ட குடு, நான் சொல்லிக்கிறேன்.”

“அதெல்லாம் முடியாதுண்ணே. புருஷன் பொண்டாட்டி சேந்து நின்னாத்தான் பத்திரிகை. ஒத்தைக் கையில குடுத்தா அது நோட்டீஸ்.”

அடுப்பை அணைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே என் மனைவி வந்து நின்றாள். பிலோமினா விடவில்லை. எங்கள் இருவரையும் கிழக்கே பார்த்துத் திருப்பி நிறுத்தினாள்.

“நீங்கதான் வேதக்காரங்களாச்சே. உங்களுக்கு என்ன கிழக்கு?” என்று சீண்டினேன்.

“ஏன், எங்களுக்கு மட்டும் சூரியன் மேற்காலயா உதிக்குது?”

எனக்கு ஒரு பழக்கம். நல்ல பேச்சு காதில் விழுந்தால் நோட்டில் எழுதி வைத்துவிடுவேன். அன்றைக்கு ஒரே காலையில் இரண்டு எழுதினேன். ஒத்தைக் கையில் கொடுத்தால் நோட்டீஸ். மேற்கால உதிக்காத சூரியன்.

அப்புறம்தான் கவர் விஷயம் ஆரம்பித்தது.

மாப்பிள்ளை வீடு சிம்பாங் அம்பாட். நல்ல குடும்பம். மாப்பிள்ளையின் அத்தைதான் விருந்து மண்டபத்தில் யாருக்கு எந்த மேசை என்று பார்த்துக்கொள்கிறவர். ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் பெயர் அட்டை வைக்கப் போகிறார்களாம். அதனால் கவரில் எழுதுகிற பெயர்களை அப்படியே லிஸ்டாகக் கேட்டிருக்கிறார். கவரில் எது உண்டோ, மேசையிலும் அதுதான் வரும்.

நிச்சயதார்த்தத்துக்கு அந்தோணியும் செங்கும் சேர்ந்துதான் போயிருந்தார்கள். அத்தை பிலோமினாவை ஓரமாக அழைத்துக் கேட்டிருக்கிறார்: “தாய்மாமாகூடவே இருக்காரே, அந்தச் சீனர் யாரு?”

பிலோமினா என்ன சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறீர்கள்?

“வாடகைக்கு இருக்கறவருன்னு சொல்லிட்டேண்ணே. வாயில வந்துடுச்சு. யோசிக்கவே இல்ல. வெளிய வந்த பிறகுதான் நான் சொன்னதே எனக்குக் கேட்டுச்சு.”

அது அந்தோணி காதுக்கும் போய்விட்டது. கல்யாண வீட்டில் எதுதான் போகாது? அவர் தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னது நாலே வரி.

“வாடகைக்காரர் கல்யாணத்துக்கு வரமாட்டாராம். அவர் வரலைன்னா நானும் வரல. அப்புறம் ஒண்ணு, வீடு செங் பேர்ல இருக்கு. வாடகைக்காரன்னா அது நான்தான்.”

இதில் சிரிக்க இடம் இருக்கிறது. ஆனால் பிலோமினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், ரெபேக்காவுக்கு அப்பா இல்லை. அவளுக்கு ஆறு வயதாகும்போதே இறந்துபோனார். கல்யாணத்தன்று கையைப் பிடித்துப் பீடம் வரைக்கும் அழைத்துப் போகவேண்டியவர் அந்தோணி. அந்தப் பெண் சின்ன வயதிலிருந்து ஒத்திகை பார்த்தது அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்.

ஆக, கேள்வி கவரைப் பற்றியது மாதிரிதான் தெரியும். உண்மையில் பிலோமினாவுக்கு அண்ணன் உண்டா, ரெபேக்காவுக்குப் பிடித்து நடக்க ஒரு கை உண்டா என்பதுதான் கேள்வி.

நான் மேலே பார்த்தேன். மேலே என்றால் கடவுளை அல்ல, ஆறாம் மாடியை. சத்தமே இல்லை.

சனிக்கிழமை காலையில் அந்த வீட்டில் சத்தம் இல்லை என்றால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். பசாரில் காய்கறி வாங்கி வந்ததும் அந்தோணி ஓபரா போடுவார். அதுவும் மெதுவாக அல்ல. முதல்தடவை போட்டபோது ஐந்தாம் மாடி மலாய் அக்கா, யாரோ உயிருக்குப் போராடுகிறார்கள் என்று பதறிக்கொண்டு மேலே ஓடினார். உண்மைதான், போராடிக்கொண்டுதான் இருந்தார்கள். இத்தாலியில்! அன்றிலிருந்து அந்த அக்கா லிப்ட்டில் அந்தோணியைப் பார்த்தால், “இன்னைக்கு யார் சாகுறாங்க?” என்று விசாரிப்பார்.

இந்த இரண்டு வாரமாக ஆறாம் மாடியில் யாரும் சாகவில்லை. மலாய் அக்காவே என்னிடம் வந்து, “மேலே எல்லாரும் நல்லா இருக்காங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

எனக்கு ஓபரா பிடிக்குமா? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் அது எனக்கு ஒரு தண்டனை. நெஞ்சில் கத்திக்குத்து வாங்கியவன் கால் மணி நேரம் நின்று பாடுகிறான். காச நோய்க்காரி படுக்கையிலிருந்து எழுந்து, எனக்கெல்லாம் ஏழு ஜென்மத்திலும் வராத மூச்சைப் பிடித்து இழுக்கிறாள். இதைக் கேட்டு அந்தோணி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்!

ஒரு நாள் கேட்டே விட்டேன். “பாஷை தெரியாது. கதையும் ஒண்ணும் பெரிசா இல்ல. எதுக்குய்யா அழறே?”

அவர் பாட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சொன்னார்.

“மழைக்கு ஒரு ரெக்கார்டு கடையில ஒதுங்கினேன், பதினாறு வயசுல. உள்ள யாரோ ஒருத்தி தொண்டை கிழியப் பாடுறா. அந்த வயசுல எனக்குள்ள இருந்ததை அம்மாகிட்ட சொல்ல முடியாது, சாமியார்கிட்ட சொல்ல முடியாது, கூட்டாளிகிட்ட சொன்னா அடிப்பான். இவ பாரு… எல்லாத்தையும் சொல்லுறா. தெரு முழுக்கக் கேக்குற மாதிரி சொல்லுறா. ஆனா ஒருத்தருக்கும் புரியல! அன்னைக்கு மழை விட்டும் நான் போகல.”

அடுத்த சனிக்கிழமை நானாகவே மேலே போய் உட்கார்ந்தேன். புரியவில்லை. ஆனால் தண்டனையாகவும் இல்லை.

செங்குக்கு அந்தோணியின் ஓபரா ஆகாது. அவருக்கு அவருடைய ஓபரா. சீனக் காலண்டரில் ஏழாம் மாதம் பிறந்தால் நம் தெருமுனையில் மேடை கட்டி ஆடுவார்களே, சீனக் கூத்து… முகத்தில் வெள்ளைப் பூச்சும், தலையில் கோழிக் கொண்டை மாதிரி இறகும், ஜால்ராச் சத்தமும். அதற்கு உயிரையே விடுவார். இவர்கள் அறிமுகமானதே அதில்தான். கண் பரிசோதிக்க அந்தோணி கடைக்குப் போயிருக்கிறார். கடை ரேடியோவில் இந்தக் கூத்துப் பாட்டு. “கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க” என்றாராம்.

“கண்ணுக்கு வைத்தியம் பார்க்க வந்த ஆளு காதுக்கு கம்ப்ளைண்ட் பண்ணுறான்லா!” என்று செங் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அவர் தமிழ் அந்தோணியிடம் கற்றது. கோபம் வந்தால் மட்டும் தன் ஹொக்கியன் சீனத்துக்கு ஓடிவிடுவார்.

“உன் கூத்து, பாத்திரக்கடையில பூனை பூந்த மாதிரி இருக்கு” என்பார் அந்தோணி.

“உன் பொம்பளை சாகவே மாட்டேங்கிறா. நான் கடையைத் திறந்து மூடிட்டு வந்தாலும் பாடிக்கிட்டே இருக்கா” என்பார் செங்.

ஒரு வருடம் செங் என்னைக் கூத்துக்குக் கூட்டிப் போனார். நல்ல கூட்டம். பின்னால் உட்கார இடமில்லை. பார்த்தால், முன்வரிசை முழுக்கச் சிவப்பு நாற்காலி, ஒருவரும் இல்லை! இவ்வளவு நல்ல இடத்தை விட்டுவிட்டு ஏன் எல்லாரும் பின்னால் நிற்கிறார்கள்? நான் ராஜா மாதிரி போய் நடுவில் உட்கார்ந்து கச்சான் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார் செங். மலாய் வழக்கில் என்னை ‘பாங்’ என்பார், அண்ணன் என்று அர்த்தம். “பாங், எழுந்திரு எழுந்திரு! அங்க ஆள் இருக்கு.”

“எங்கய்யா? காலியாத்தானே இருக்கு?”

“இருக்காங்க. உனக்குத் தெரியல, அவ்வளவுதான்.”

செத்தவர்களுக்காக ஒதுக்கிய வரிசையாம் அது. அந்த மாதம் அவர்கள் வந்து பார்ப்பார்களாம். நான் யார் மடியில் உட்கார்ந்தேனோ, தெரியவில்லை. பொட்டலத்தோடு பின்னால் போய் நின்றேன். அன்றைக்கும் நோட்டில் எழுதினேன். ஆள் இருக்கிறது, உனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஏன் இந்தக் கதை இப்போது? சனிக்கிழமை பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. இருபத்தாறு வருடம் நாங்கள் ஆறாம் மாடியைப் பற்றிப் பேசாமல் இருந்தோமே… அது என்ன? அந்தச் சிவப்பு நாற்காலி மாதிரி, இருக்கிறவருக்கு இடம் விட்ட மரியாதையா? இல்லை, வெறும் பயமா? பார்த்தால் பதில் சொல்லவேண்டி வரும் என்று பார்க்காமலே இருந்துவிட்டோமா?

எனக்கு இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது.

நான் ஒன்றும் உத்தமன் இல்லை. அச்சக நாளில் எங்களோடு ஒருவர் வேலை பார்த்தார். நடை கொஞ்சம் மென்மை, பேச்சு கொஞ்சம் மென்மை. அவருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவர் நடையை ஒருத்தன் நடந்து காட்டுவான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. சிங்கப்பூர் போய்விட்டார் என்றார்கள். அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் ரொம்ப நீளமாக இருந்தது. ஏன் என்று அப்போது புரியவில்லை.

இப்போது காலம் மாறிவிட்டது என்கிறார்கள். மாறித்தான் இருக்கிறது. எந்தப் பக்கம் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

கோப்பிக் கடையில் என்னோடு தினமும் உட்காரும் சுப்புவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய டாக்சிக்காரர். பத்து வருடத்துக்கு முன்னால் இந்த மாதிரி விஷயத்தைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை. இப்போது வாட்ஸ்அப்பில் வாரம் நாலு அனுப்புகிறார். ‘இவர்களால் உலகம் அழிகிறது’, ‘பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள்’… போன வாரம் அப்படி ஒன்றை எனக்கு அனுப்பிவிட்டு, அடுத்த பத்தாவது நிமிடம் செங்கைப் பார்த்து, “செங் அண்ணே, கண்ணாடிக் காது லூசா இருக்கு, கொஞ்சம் முடுக்கிக் குடுங்க” என்று கழற்றிக் கொடுத்தார். செங்கும் பையிலிருந்து குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முடுக்கிக் கொடுத்தார். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் சுப்பு அடுத்த வாட்ஸ்அப்பைப் படித்தார்.

“யோவ் சுப்பு, இதெல்லாம் யாரைப் பத்தி அனுப்புற?” என்று கேட்டேன்.

“யாரோ வெளிநாட்டுக்காரனைப் பத்தி, முத்தண்ணே.”

“செங் அண்ணன்?”

சுப்புவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. “அவரை ஏன்ணே இதுல இழுக்குறீங்க? அவர் நம்ம ஆளு!”

இவரை நான் எந்தக் கணக்கில் வைப்பது?

இன்னொரு பக்கம் ரெபேக்கா. பாயான் லெப்பாஸில் இன்ஜினியர். வெள்ளிக்கிழமை எனக்குப் போன் போட்டாள். “முத்து மாமா, அம்மா நாளைக்கு வருவாங்க. கவர்ல ரெண்டு பேர் பேரையும் போடுங்க. பெரிய எழுத்துல போடுங்க. நான் யாருக்கும் பயப்படல. என் ஃபிரெண்ட்ஸ் எல்லாருக்கும் தெரியும், இதெல்லாம் நார்மல்தான்லா!”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. இந்தப் பெண்ணுக்கு ஆறு வயதில் முதல் கண்ணாடி செய்து கொடுத்தது செங். போட மாட்டேன் என்று அழுதவளுக்காகத் தானும் ஒரு வாரம் அதே மாதிரி ரோஸ் கலர் ஃபிரேம் போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்த மனுஷர். அவள் பெரிய எழுத்து கேட்பதில் நியாயம் இல்லையா?

ஆனால் அதை அன்று மாலையே ஆறாம் மாடியில் போய்ச் சொன்னபோது அந்தோணி தலையில் கை வைத்துக்கொண்டார்.

“பெரிய எழுத்தா? யாருய்யா கேட்டா? அறுபது வயசுக்கு மேல நாங்க என்ன எலெக்‌ஷன்லயா நிக்கப் போறோம்? போர்டு வைக்கச் சொல்லலைய்யா நான். பொய் சொல்லாதேன்னுதான் சொல்லுறேன். அந்த அத்தை கேட்டப்ப என் தங்கச்சி சும்மா சிரிச்சிட்டுப் போயிருந்தாக்கூட நான் கோபப்பட்டிருக்க மாட்டேன்.”

செங் அடுப்படிக்குப் போய்விட்டார். அது அவர் வழக்கம். அந்தோணி வீட்டு மனிதர்கள் யார் வந்தாலும், பேச்சு குடும்ப விஷயத்துக்குத் திரும்பினால், “கோப்பி போடுறேன்” என்று உள்ளே போய்விடுவார். இருபத்தாறு வருடத்தில் அவர் போட்ட கோப்பியில் ஒரு குளம் வெட்டலாம்.

பாருங்கள். சிறிசு பெரிய எழுத்து என்கிறது. மாப்பிள்ளையின் அத்தை பெயர் அட்டை கேட்கிறார். சுப்பு வாட்ஸ்அப் அனுப்புகிறார். சம்பந்தப்பட்டவர்களோ போர்டே வேண்டாம் என்கிறார்கள். முன்பெல்லாம் இதற்கு ஒரு சொல் கிடையாது. சொல் இல்லாததால் சண்டையும் இல்லை, உரிமையும் இல்லை. இப்போது சொல் வந்துவிட்டது. கூடவே இரண்டும் வந்துவிட்டன. எது தேவலை? எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை.

ஆனால் கவர் காத்துக்கொண்டிருந்ததே!

முதலில் ‘திரு. அந்தோணி & குடும்பத்தினர்’ என்று எழுதிக் காட்டினேன்.

பிலோமினா வேண்டாம் என்று தலையாட்டினாள். “கல்யாணமே ஆகலைன்னு சொன்னீங்களே, குடும்பம் எங்க இருந்து வந்துச்சுன்னு கேப்பாங்கண்ணே.”

கவரைக் கிழித்தேன். எனக்கு ஒரு சாமர்த்தியமான யோசனை வந்தது. ‘திரு. அந்தோணி & நண்பர்.’ அழகாக, கொஞ்சம் சாய்வாக எழுதினேன். யாருக்கும் சந்தேகம் வராது. பொய்யும் இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

பிலோமினா அந்தக் கவரைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“இதைக் குடுத்தா செங் அண்ணன் என்ன சொல்லுவாரு தெரியுமா?”

“என்ன சொல்லுவாரு?”

“ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ‘தேங்க் யூ’ன்னு வாங்கிப்பாரு. கோப்பி போடப் போயிடுவாரு.” கவரை என் பக்கம் தள்ளினாள். “அதான்ணே எனக்குப் பயமா இருக்கு.”

என் சாமர்த்தியம் அதோடு தீர்ந்தது. அதையும் கிழித்தேன். என் மனைவி வடைத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நாற்காலி முதுகைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

பிலோமினா வடையை எடுத்தாள். சாப்பிடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“ரெபேக்கா அப்பா செத்தப்ப மழைண்ணே. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நீங்களும் வந்தீங்களே. கல்லறையில எல்லாரும் மரத்தடிக்கு ஓடிட்டாங்க. அண்ணன் பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். எனக்கும் பாப்பாவுக்கும் குடை பிடிச்சு நின்னது செங் அண்ணன்தான். அவர் நனைஞ்சு போயி நிக்கிறாரு. எங்க ரெண்டு பேர் மேலயும் ஒரு சொட்டு விழல. அன்னைக்கு எத்தனை பேர் இருந்தாங்க? எங்க மாமியார் வீடு, கோயில் ஆளுங்க, சாமியார்… ‘யாரு இந்தச் சீனர்’னு ஒருத்தராவது கேட்டாங்களாண்ணே?”

கேட்கவில்லை. நானும் மரத்தடியில்தான் நின்றேன். கேட்கத் தோன்றவும் இல்லை.

சாவு வீட்டில் யார் குடை பிடித்தாலும் நமக்குச் சம்மதம். கல்யாண வீட்டில் மட்டும்தான் நாற்காலிக்குப் பெயர் கேட்கிறோம். இதை நானாக யோசித்தேனா, பிலோமினாவின் முகத்தில் படித்தேனா, தெரியவில்லை. நோட்டில் எழுதக் கை போகவில்லை.

“அந்த அத்தைக்கு என்ன பதில் சொல்லப் போறே?” என்று கேட்டேன்.

“தெரியலண்ணே. வாடகைக்காரர்னு சொன்னது பொய்னு சொல்லணும். அதுக்கு மேல அவங்க கேட்டா…” என்று நிறுத்தினாள். “கேட்டா அப்பப் பாத்துக்கிறேன்.”

“லிஸ்ட்?”

“அதையும் அப்பப் பாத்துக்கிறேன்.”

வடையைத் தட்டில் வைத்தாள். பெட்டியிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து, ஒன்றும் எழுதாத வெள்ளைக் கவரில் செருகினாள்.

“பேனாவை மூடுங்கண்ணே. மை காயுது.”

“பேர் எழுதலையேம்மா?”

“அண்ணி, ஒரு தட்டு குடுங்க. வெத்தலை இருக்கா? கொஞ்சம் சீனியும்.”

என் மனைவி ஏற்கனவே அடுப்படியில் இருந்தாள். நல்ல வெள்ளித் தட்டாகத் தேடுகிற சத்தம் கேட்டது.

லிப்ட்டுக்குக் காத்திருக்கப் பிலோமினாவுக்குப் பொறுமையில்லை. படியில் ஏறினாள். முட்டி வலியோடு நான் பின்னால். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் எழுதாத கவருக்கு நான் பொறுப்பில்லையா?

கதவைத் திறந்தது அந்தோணி. தங்கையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், கவரைப் பார்த்தார். வழியை மட்டும் விட்டார். பாட்டு இல்லாத அந்த வீட்டில் சுவர்க் கடிகாரம் கேட்டது. சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த செங் எழுந்தார்.

“வா மோய், வா தங்கச்சி, உக்காரு. நான் கோப்பி போ—”

“கோப்பி வேணாம்.”

அவர் ஏற்கனவே அடுப்படிப் பக்கம் இரண்டு எட்டு வைத்திருந்தார். அந்த வீட்டில் அந்தச் சொல்லை அவர் இதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. அப்படியே நின்றுவிட்டார்.

“செங் அண்ணே, இங்க வாங்க. அவன் பக்கத்துல நில்லுங்க.”

அந்தோணி தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓபராவுக்கு அழுகிற மனுஷர், இப்போது அழாமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டார். செங் வந்தார். ஆனால் பழக்கம் விடுமா? ஒரு முழம் தள்ளித்தான் நின்றார். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

பிலோமினா தட்டை என் கையில் கொடுத்தாள். செங்கின் இரண்டு தோளையும் பிடித்தாள். கிழக்கே பார்த்துத் திருப்பி, அண்ணனோடு ஒட்டி நிறுத்தினாள்.